அறுவடை நேரத்தில் பயிர்க் காப்பீடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தை பிறந்துவிட்டால் டெல்டாவில் எந்தப் பக்கம் திரும்பினாலும் அறுவடை மெஷின் சத்தம்தான். அதே நாட்களில்தான் காப்பீடு பற்றிய கேள்விகளும் வரத் தொடங்கும். நானும் சம்பா போடுகிறவன். எங்கள் ஊரில் யாருக்காவது காப்பீட்டில் சிக்கல் என்றால் கூப்பிட்டுப் பேசுவார்கள், அலுவலகத்துக்குத் துணைக்கும் அழைத்துப் போவார்கள். அப்படித் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும் எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். எல்லாமே 2016-ல் தொடங்கிய பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் பற்றியவை. உதாரணங்கள் பெரும்பாலும் சம்பா, தாளடி நெல்லை வைத்து.

பிரீமியம் கட்டிவிட்டேன், ரசீதும் இருக்கிறது. அறுவடை நேரத்தில் நான் செய்ய இன்னும் என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. நவம்பரில் ரசீதை வாங்கிப் பீரோவில் வைத்ததோடு வேலை முடிந்தது என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். ஆனால் இழப்பீடு வருமா வராதா, எவ்வளவு வரும் என்பது முடிவாவது அறுவடையை ஒட்டிய சில நாட்களில், வயலிலேயே. உங்கள் கிராமத்தில் நடக்கும் அறுவடைச் சோதனையில் என்ன எடை பதிவாகிறது, மழை அடித்தால் 72 மணி நேரத்துக்குள் தகவல் போனதா, உங்கள் ரசீதில் இருக்கிற சர்வே எண்ணும் அடங்கலில், அதாவது கிராம நிர்வாக அலுவலர் (விஏஓ) எழுதும் சாகுபடிக் கணக்கில், இருக்கிற சர்வே எண்ணும் ஒன்றுதானா, இந்த மூன்றும்தான் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன.

என் வயலில் பாதி பயிர் போய்விட்டது. பாதித் தொகை வருமா?

அப்படி வராது. பலருக்கு மனவருத்தம் வருவது இந்த இடத்தில்தான். மகசூல் இழப்புக்கான கணக்கு தனி வயலுக்குப் போடுவதில்லை, கிராமத்துக்குப் போடுகிறார்கள். நெல் போன்ற முக்கியப் பயிருக்கு வருவாய் கிராமம்தான் பொதுவாக அளவு. சில பயிர்களுக்கு பிர்க்கா, அதாவது பல கிராமங்கள் சேர்ந்த வருவாய்ப் பகுதி.

கணக்கு இப்படிப் போகும். அந்தக் கிராமத்தின் கடந்த 7 வருட மகசூலில் நல்ல 5 வருடத்தை எடுத்துச் சராசரி போடுவார்கள். அதில் 70, 80 அல்லது 90 சதவீதம், மாநில அரசின் அறிவிக்கையில் எது சொல்லப்பட்டிருக்கிறதோ அது, உத்தரவாத மகசூல். இந்த வருடச் சராசரி அதற்குக் கீழே போனால், எத்தனை சதவீதம் கீழே போனதோ, காப்பீட்டுத் தொகையில் அத்தனை சதவீதம் கிடைக்கும்.

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். ஐந்து வருடச் சராசரி ஹெக்டேருக்கு 5,000 கிலோ, 80 சதவீதம் என்றால் உத்தரவாத மகசூல் 4,000 கிலோ. இந்த வருடம் சோதனையில் 3,000 கிலோதான் வந்தது. குறைவு 1,000 கிலோ, அதாவது 4,000-ல் 25 சதவீதம். ஏக்கருக்குக் காப்பீட்டுத் தொகை 36,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 9,000 ரூபாய் வரும். அதற்கு நீங்கள் கட்டியிருப்பது, சம்பா, தாளடி அடங்கும் ராபி பருவத்துக்கான ஒன்றரை சதவீதப்படி, 540 ரூபாய்.

இதே கிராமத்தில் சராசரி 4,050 கிலோ வந்துவிட்டால் யாருக்கும் எதுவும் இல்லை. உங்கள் மூன்று மா நிலத்துப் பயிரும் அழுகிப் போயிருந்தாலும் சரி. கேட்க வயிறு எரியும், ஆனால் விதி அதுதான். தனி வயலைப் பார்த்து இழப்பீடு தருகிற பிரிவுகள் சில இருக்கின்றன. அவற்றைக் கீழே சொல்கிறேன்.

அறுவடைச் சோதனை என்கிறார்களே, அது எப்படி நடக்கும்?

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் மொத்தக் கணக்கும் நிற்பது இதன்மேல்தான்.

ஒரு கிராமத்தில் ஒரு முக்கியப் பயிருக்குக் குறைந்தது 4 சோதனை. எந்த சர்வே எண் என்பதைக் குலுக்கல் போலத்தான் தேர்வு செய்கிறார்கள். நல்ல வயல், மோசமான வயல் என்று யாரும் கைகாட்ட முடியாது, காட்டவும் கூடாது. வயலுக்குள்ளும் அப்படித்தான். தென்மேற்கு மூலையில் நின்று, ஏற்கெனவே எடுத்து வைத்த எண்ணுக்கு ஏற்ப நீளவாக்கில் இத்தனை அடி வைத்து, அகலவாக்கில் இத்தனை அடி வைத்து உள்ளே போய், அங்கே முளைக்குச்சி அடிப்பார்கள். அதிலிருந்து 5 மீட்டருக்கு 5 மீட்டர் கயிறு கட்டுவார்கள். கயிற்றுக்கு உள்ளே வேர் இருக்கிற தூர்களை மட்டும் அறுத்து, அங்கேயே அடித்து, தூற்றி, பதர் நீக்கி எடை போடுவார்கள். ஈரம் போக எவ்வளவு நிற்கும் என்பதற்கும் கழிவு உண்டு. எடையும் படமும் செல்போன் செயலியில் அந்த இடத்திலிருந்தே ஏற வேண்டும்.

இப்போது கணக்கைக் கவனியுங்கள். 25 சதுர மீட்டரில் கிடைத்ததை 400-ஆல் பெருக்கினால் ஒரு ஹெக்டேர். அந்தச் சின்னச் சதுரத்தில் 1 கிலோ கூடினால் அந்தச் சோதனையில் ஹெக்டேருக்கு 400 கிலோ கூடும். நான்கு சோதனையின் சராசரியில் 100 கிலோ. மேலே சொன்ன உதாரணத்தில் அது இரண்டரை சதவீதம், ஏக்கருக்கு 900 ரூபாய். அது கிராமத்தில் காப்பீடு செய்த ஒவ்வொருவருக்கும் குறையும். கயிறு தளர்ந்து வெளியே இருக்கிற நாலு தூர் உள்ளே வந்தாலோ, பதரோடு சேர்த்து எடை போட்டாலோ என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

அதனால்தான் சோதனை நடக்கும்போது ஊர்க்காரர்கள் நாலு பேராவது வரப்பில் நிற்க வேண்டும் என்று வருடா வருடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சண்டை போட வேண்டாம். வருகிற ஊழியரும் ஒரு நாளில் எத்தனையோ வயலுக்கு ஓடுகிறவர்தான். கூட நின்று டேப்பைப் பிடியுங்கள், மூலை சதுரமாக இருக்கிறதா பாருங்கள், தராசு முதலில் பூஜ்யத்தில் நிற்கிறதா பாருங்கள், எடையை உங்கள் நோட்டிலும் தேதியோடு எழுதிக்கொள்ளுங்கள். நாளைக்குக் கேள்வி கேட்க வேண்டி வந்தால் அந்த ஒரு வரி போதும். அதே போல, குறைத்துக் காட்டச் சொல்லி ஊழியரை வற்புறுத்தவும் கூடாது. அது தப்பு. தவிர, காப்பீட்டு நிறுவனம் ஆட்சேபணை எழுப்பினால் மொத்தக் கிராமத்துக்கும் பணம் நின்றுபோகும்.

இன்னொரு மாற்றமும் வந்திருக்கிறது. 2023 காரீப் (தென்மேற்குப் பருவமழைக் கால) பருவத்திலிருந்து நெல்லுக்கும் கோதுமைக்கும் செயற்கைக்கோள் போன்ற தொழில்நுட்பம் வழியாக மதிப்பிடும் மகசூலுக்கு இறுதிக் கணக்கில் குறைந்தது 30 சதவீதப் பங்கு கொடுக்க வேண்டும் என்று திட்ட விதி சொல்கிறது. வயலில் எடுக்கிற எடை மட்டுமே முடிவு என்று இருந்த காலம் மாறிக்கொண்டிருக்கிறது.

என் வயல் சோதனைக்குத் தேர்வாகியிருக்கிறது. மெஷினுக்குச் சொல்லிவிட்டேனே, நாளைக்கு அறுக்கலாமா?

தயவுசெய்து அறுக்காதீர்கள். எந்தத் தேதியில் அறுக்கப் போகிறீர்கள் என்பதை நாலைந்து நாள் முன்பே உதவி வேளாண்மை அலுவலரிடமோ விஏஓவிடமோ சொல்லிவிடுங்கள். மெஷின் கிடைப்பது எவ்வளவு கஷ்டம், மணிக்கு வாடகை எவ்வளவு என்பதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனாலும் சோதனை முடியாமல் அறுத்துவிட்டால் வேறு வயலைத் தேட வேண்டி வரும், அதற்குள் ஊரே அறுத்து முடிந்திருக்கும். வயல் முழுவதையும் நிறுத்தி வைக்க முடியாத நிலை என்றால் அதை முன்கூட்டியே போனில் சொல்லி, அவர்கள் என்ன சொல்கிறார்களோ அப்படிச் செய்யுங்கள்.

கதிர் முற்றி நிற்கும்போது மழை பெய்து சாய்ந்துவிட்டது. வயலில் தண்ணீர் நிற்கிறது. தனியாக இழப்பீடு உண்டா?

2021 ஜனவரியிலும் 2023 பிப்ரவரி முதல் வாரத்திலும் டெல்டாவில் இதுதான் நடந்தது. அறுக்க இரண்டு நாள் இருக்கும்போது மழை. சாய்ந்த கதிரைக் கையால் தூக்கிப் பார்த்தால் அடியில் இருக்கிற மணியெல்லாம் வெள்ளையாக முளை விட்டிருந்தது.

ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு, மேகவெடிப்பு, இடி விழுந்து தீப்பிடிப்பது, வயல் மூழ்குவது ஆகியவை இடம் சார்ந்த பேரிடர் என்ற பிரிவில் வரும். இதில் தனி வயலைப் பார்த்து மதிப்பிடுவார்கள். ஆனால் நெல்வயல் மூழ்குவதை இந்தப் பிரிவிலிருந்து 2018-ல் எடுத்துவிட்டார்கள். நெல் தண்ணீரில் நிற்கிற பயிர்தானே என்பது காரணம். முற்றிய கதிர் மூன்று நாள் தண்ணீரில் கிடந்தால் என்ன ஆகும் என்று பார்த்தவர்களுக்கு அந்தக் காரணம் ஒருநாளும் சரியாகப் பட்டதில்லை. பல மாநில விவசாயிகளும் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2026 காரீப் முதல் நெல் மூழ்குவதை மறுபடி சேர்ப்பதாக மத்திய வேளாண் அமைச்சகம் 2025 நவம்பரில் அறிவித்தது. உங்கள் பருவத்துக்கு, உங்கள் மாவட்டத்துக்கு அது பொருந்துமா என்பதை அந்த வருட அரசாணையில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்தப் பிரிவில் வராவிட்டாலும் பாதிப்பு வீணாகப் போவதில்லை. கிராமம் முழுக்க அடி வாங்கியிருந்தால் அறுவடைச் சோதனையில் மகசூல் குறைவாகவே வரும், அந்த வழியில் இழப்பீடு வரும்.

பருவத்தின் நடுவில் பெரும் சேதம் வந்தால் முன்பணமாகக் கொஞ்சம் தருகிற ஏற்பாடும் உண்டு. எதிர்பார்க்கும் மகசூல் வழக்கத்தில் பாதிக்கும் கீழே போனால், கணிக்கப்படும் இழப்பீட்டில் 25 சதவீதம் வரை. ஆனால் வழக்கமான அறுவடைக்கு முந்தைய 15 நாளுக்குள் வருகிற சேதத்துக்கு இது கிடையாது. தை மாத மழைக்கு இதை நம்பி இருக்க வேண்டாம்.

அறுத்துப் போட்ட பிறகு மழை வந்தால்?

அறுவடைக்குப் பிந்தைய இழப்பு என்று ஒரு பிரிவு உண்டு. அறுத்த நாளிலிருந்து அதிகபட்சம் 14 நாள். ஆலங்கட்டி மழை, புயல், புயல் மழை, பருவம் தப்பிய மழை ஆகியவற்றுக்கு. ஒரு நிபந்தனையை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: அறுத்த பயிர் காய்வதற்காக வயலிலேயே பரப்பியோ சிறு கட்டாகவோ கிடக்க வேண்டும்.

கையால் அறுத்து அரி போட்டிருந்த நெல், பிடுங்கிக் காயப் போட்ட உளுந்து, எள், நிலக்கடலைக் கொடி, இவற்றுக்கெல்லாம் இது பொருந்தும். மெஷின் விட்டு அறுத்தால் நெல் நேராகத் தொட்டிக்குப் போய்விடுகிறது. வயலில் கிடப்பது வைக்கோல்தான். மெஷின் அறுவடை செய்கிறவர்களுக்கு இந்தப் பிரிவால் பயன் அநேகமாக இல்லை. இதுவும் மாநில அரசு அறிவிக்கையில் சேர்த்திருந்தால்தான் உண்டு.

கொள்முதல் நிலையத்தில் குவித்து வைத்த நெல் நனைந்துவிட்டது. காப்பீடு தருமா?

தராது. அடித்துத் தூற்றிய நெல்லுக்கு, அது களத்தில் இருந்தாலும் சாலையோரம் இருந்தாலும் கொள்முதல் நிலைய வாசலில் இருந்தாலும், இந்தத் திட்டத்தில் பாதுகாப்பு இல்லை. அங்கே வழக்கமான ஈரப்பத வரம்பு 17 சதவீதம். நனைந்தால் அதைத் தாண்டிவிடும், மறுபடி காயவைக்க வேண்டும். தார்ப்பாய்க்குச் செலவு செய்வதைத் தயவுசெய்து மிச்சம் பிடிக்காதீர்கள்.

72 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும் என்கிறார்கள். யாரிடம், எப்படி?

சேதம் நடந்த நேரத்திலிருந்து 72 மணி நேரம். நாம் போய்ப் பார்த்த நேரத்திலிருந்து அல்ல. 14447 என்ற கட்டணமில்லா எண்ணுக்குப் போன் செய்யலாம். பயிர்க் காப்பீட்டுச் செயலியில் பதியலாம். காப்பீட்டு நிறுவனம், வங்கி, வேளாண்மைத் துறை, இவற்றில் எங்கு வேண்டுமானாலும் சொல்லலாம். எங்கே சொன்னாலும் பதிவு எண் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். "சார்கிட்ட சொல்லிட்டேன்" என்பது எந்தக் கணக்கிலும் ஏறாது.

புயல் மழை நாளில் கரண்ட் இருக்காது, போனில் சார்ஜ் இருக்காது. அதனால் விண்ணப்ப எண், சர்வே எண், உட்பிரிவு, காப்பீடு செய்த பரப்பு, விதைத்த தேதி, இவ்வளவையும் ஒரு தாளில் எழுதி இப்போதே பாக்கெட்டில் வைத்துக்கொள்ளுங்கள். போனில் முதலில் கேட்பது விண்ணப்ப எண்ணைத்தான்.

படம் எடுக்கும்போது போனில் இருப்பிடத்தை ஆன் செய்துவிட்டு எடுங்கள். எல்லோரும் அழுகிய கதிரை மட்டும் கிட்டத்தில் எடுக்கிறார்கள். அது எந்த ஊர் வயல் என்று யாருக்குத் தெரியும்? வரப்பில் நின்று வயல் முழுவதும் தெரிய ஒன்று, பக்கத்தில் இருக்கிற போர் செட்டோ மின்கம்பமோ பனைமரமோ சேர்ந்து தெரிய ஒன்று, தண்ணீர் எவ்வளவு ஆழம் என்று மண்வெட்டிக் காம்பை ஊன்றி ஒன்று, அப்புறம் கதிர் கிட்டத்தில் ஒன்று. இவ்வளவு போதும்.

தகவல் கொடுத்தாயிற்று. ஆய்வுக்கு வரும்வரை அறுக்காமல் காத்திருக்க வேண்டுமா?

விதிப்படி தகவல் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் மதிப்பீட்டாளரை நியமித்து, அடுத்த 10 நாளில் மதிப்பீட்டை முடிக்க வேண்டும். முளை விட்ட நெல் 10 நாள் நிற்காது என்பது அறுக்கிறவனுக்குத்தான் தெரியும். முடிந்தவரை காத்திருங்கள். முடியவே முடியாது என்றால், நிறுவனத்துக்கும் வேளாண்மை அலுவலருக்கும் எழுத்தில் தெரிவித்துவிட்டு, வயலின் ஒரு பகுதியை அப்படியே விட்டுவிட்டு மற்றதை அறுங்கள் என்றுதான் என்னிடம் கேட்பவர்களுக்குச் சொல்வேன். விட்டு வைக்கிற பகுதி மொத்த வயலைப் போலவே இருக்க வேண்டும். மோசமான மூலையை மட்டும் விட்டு வைத்தால் வருகிறவர் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்.

கிராமத்தில் அந்தப் பயிர்ப் பரப்பில் 25 சதவீதத்துக்கு மேல் பாதித்திருந்தால், மாதிரிக்குச் சில வயல்களைப் பார்த்து எல்லோருக்கும் சேர்த்தே முடிவு செய்வார்கள்.

என்னென்ன தாள் தயாராக இருக்க வேண்டும்?

அடங்கல் அல்லது விதைப்புச் சான்று, சிட்டா, ஆதார், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், பிரீமியம் ரசீது. இவை எல்லோரிடமும் இருக்கும். பிரச்சினை இவை ஒன்றோடொன்று பொருந்துகிறதா என்பதில்தான்.

என் சித்தப்பாவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். சேவை மையம் ஒன்றில் பதிவு செய்தபோது 3ஏ என்ற உட்பிரிவை 3பி என்று அடித்துவிட்டார்கள். கூட்டம், நெரிசல், கடைசி நாள். அவர் ரசீதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டார். மழையில் பயிர் போனபோது போன் செய்தால், அந்த சர்வே எண்ணில் வேறொருவர் பெயர் இருக்கிறது என்றார்கள். ஒரு எழுத்து. அந்த வருடம் முழுக்க நடந்தார், ஒன்றும் கிடைக்கவில்லை. இன்றைக்கும் அவர் அந்த ரசீதைப் பத்திரமாக வைத்திருக்கிறார்.

அதனால் ரசீதையும் அடங்கலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரல் வைத்துப் படியுங்கள். கிராமத்தின் பெயர், சர்வே எண், உட்பிரிவு, பயிர், பரப்பு. நமக்கு மா, குழி, சென்ட் பழக்கம். ரசீதில் ஹெக்டேர் இருக்கும். ஒரு ஏக்கர் என்பது 0.405 ஹெக்டேர். வங்கிக் கணக்கோடு ஆதார் இணைந்திருக்கிறதா, கணக்கு நடப்பில் இருக்கிறதா என்பதையும் அறுவடைக்கு முன்பே வங்கியில் கேட்டுவிடுங்கள். வருடக்கணக்கில் தொடாத கணக்கு என்றால் வந்த பணம் திரும்பிப் போய்விடும்.

கூட்டுறவு சங்கத்தில் பயிர்க்கடன் வாங்கியிருக்கிறேன். காப்பீடு தானாகவே இருக்குமா?

2020 காரீப் முதல் கடன் வாங்கியவர்களுக்கும் காப்பீடு கட்டாயம் இல்லை. வேண்டாம் என்றால் கடைசித் தேதிக்கு 7 நாள் முன்பு எழுதிக் கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் பிடித்தம் செய்து சேர்த்துவிடுவார்கள். இருந்தாலும் இருக்கும் என்று நம்பி உட்காராமல் சங்கத்தில் போய் விண்ணப்ப எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

குத்தகைக்குச் சாகுபடி செய்கிறேன். எனக்கு வருமா?

உங்கள் பெயரில் காப்பீடு செய்திருந்தால் உங்களுக்குத்தான். அடங்கலில் சாகுபடி செய்பவர் என்று உங்கள் பெயர் இருக்க வேண்டும். ஒரே நிலத்துக்கு நில உரிமையாளரும் தனியாகக் காப்பீடு செய்திருக்கிறாரா என்று முன்பே பேசித் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். இரண்டு பேர் பெயரில் இருந்தால் இருவருக்குமே சிக்கல்.

காட்டுப்பன்றி இறங்கி அழித்துவிட்டது.

முன்பு இது திட்டத்தின் வழக்கமான பாதுகாப்பில் இல்லை. 2026 காரீப் முதல் காட்டு விலங்கு சேதத்தையும் கூடுதல் பாதுகாப்பாகச் சேர்க்கலாம் என்று அதே 2025 நவம்பர் அறிவிப்பில் வந்தது. எந்த விலங்கு, எந்தப் பகுதி என்பதை மாநில அரசுதான் அறிவிக்கும். இதற்கும் 72 மணி நேரம்தான்.

அரசு நிவாரணம் வாங்கினால் காப்பீடு கிடைக்காதா?

கிடைக்கும். இரண்டும் வேறு வேறு. நிவாரணத்துக்கு வருவாய்த் துறையும் வேளாண்மைத் துறையும் கணக்கெடுக்கும், 33 சதவீதத்துக்கு மேல் சேதம் இருக்க வேண்டும், காப்பீடு செய்யாதவருக்கும் உண்டு. காப்பீட்டுக்கு நீங்கள் தனியாகத் தகவல் கொடுக்க வேண்டும். விஏஓ வந்து எழுதிக்கொண்டு போனார், அதுவே போதும் என்று இருந்து 72 மணி நேரத்தைக் கோட்டைவிட்டவர்களை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன்.

அறுவடை முடிந்து மாதங்கள் ஆகின்றன, பணம் வரவில்லை. என்ன செய்வது?

சோதனை முடிவுகளைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு அரசு கொடுக்க வேண்டும், மத்திய, மாநில அரசுகளின் பிரீமியப் பங்கும் போய்ச் சேர வேண்டும். அதன் பிறகுதான் பட்டுவாடா. அதற்குரிய கெடுவைத் தாண்டி நிறுவனம் தாமதித்தால் 12 சதவீத வட்டி சேர்த்துத் தர வேண்டும் என்று விதி இருக்கிறது. இதைப் பலர் கேட்பதே இல்லை.

முதலில் 14447-ல் விண்ணப்ப எண்ணைச் சொல்லி நிலையைக் கேளுங்கள். பிறகு வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகம். அங்கும் விடை இல்லையென்றால் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் மாவட்ட ஆட்சியரிடம் மனுவாகக் கொடுங்கள். திட்டத்தின் மாவட்டக் குறைதீர் குழுவுக்குத் தலைவரும் அவர்தான்.

பக்கத்துக் கிராமத்துக்கு வந்திருக்கிறது, எங்களுக்கு வரவில்லை. நடுவில் ஒரு வாய்க்கால்தான். எப்படி?

இரண்டு கிராமத்துக்கும் சோதனை தனித்தனி, உத்தரவாத மகசூலும் தனித்தனி. கடந்த வருடங்களில் அவர்களுக்கு நல்ல மகசூல் பதிவாகியிருந்தால் அவர்களுடைய உத்தரவாத அளவு உயரமாக இருக்கும், கொஞ்சம் குறைந்தாலும் பணம் வரும். உங்களுக்கு ஏற்கெனவே தாழ்வாக இருந்தால் நிறைய விழுந்தால்தான் வரும்.

உங்கள் கிராமத்தின் உத்தரவாத மகசூல் எவ்வளவு, இந்த வருடம் நான்கு சோதனையிலும் என்ன எடை வந்தது என்று வேளாண்மை அலுவலகத்தில் கேளுங்கள். வாய்வழியாகச் சொல்லாவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு விண்ணப்பம் போடுங்கள். கையில் எண் வந்ததும், சோதனை நடந்த நாளில் நீங்கள் நோட்டில் எழுதி வைத்த எடையோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள்.